சிவப்புக் கோடு போட்ட வரிகள்

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோறு ஐந்து நிமிடம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னால், "தலையும் வாலும் சொல்லுங்க, நடுவுல உள்ளத நானே புரிஞ்சுக்கிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். படிப்பிலும் இதே புத்திதான். அந்தப் புத்தியைப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கரைச் சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷமும் சில மாதங்களும் படித்தேன். அப்பா போய்விட்டார், அதோடு படிப்பும் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளார்க் வேலை கிடைத்தது. கல்லூரியிலிருந்து நான் கொண்டுவந்தது இரண்டே இரண்டு. ஒன்று, மருந்துகளைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம். மற்றது, அந்தமாதிரிப் புத்தகங்களை ஓட்டமாகப் படிக்கிற வித்தை. ஒரே நாளில் ஐம்பது பக்கம் படித்துவிட்டு வா என்பார்கள் அங்கே. ஐம்பது பக்கத்தையும் எவனும் படிக்கமாட்டான். பத்தியின் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், நடுவில் எண் இருந்தால் அந்த எண். அவ்வளவு படித்தால் போதும், வகுப்பில் எழுந்து பதில் சொல்லிவிடலாம். நான் அதில் கெட்டிக்காரன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் பரீட்சைக்கு ஆறு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். டிரஸ்ஸர் என்றால் காயம் கட்டுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் எஸ்டேட்டுகளுக்கு டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வந்தால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் அங்கே டாக்டர். பிரசவம் பார்ப்பவர், மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பவர், பல் பிடுங்குபவர் எல்லாம் அவரே. இந்த ஆறு பேருக்கும் வாயால் பேசுகிற இங்கிலீஷ் வரும். டாக்டர் சொன்னால் புரியும். புத்தகத்து இங்கிலீஷ் என்று வந்தால் முழி பிதுங்கிவிடும். ஒரு வாக்கியம் நாலு வரிக்கு நீண்டு, அதற்குள் ஆறு லத்தீன் பெயர் வந்து, முடிகிற இடத்தில் ஆரம்பம் மறந்துபோயிருக்கும். அதனால் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டுக் கடகடவென்று ஒப்பித்தார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் வெள்ளைக்கார டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஞாயிறு காலையில் இவர்களுக்கு அறிவியல் புத்தகம் படிக்கக் கற்றுக்கொடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியை முடிக்காதவனுக்கு வாத்தியார் பட்டம் கிடைத்தால் சும்மா இருப்பானா?

இருந்தது ஒரே புத்தகம், என்னுடையது. பரீட்சைக்கு மூன்று மாதம். ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. எனக்கோ பொறுமை கிடையாது. ஒரு நாள் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலை எடுத்து, பரீட்சைக்கு வேண்டாதது என்று பட்டதையெல்லாம் அடித்துத் தள்ளினேன். மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, எவ்வளவு கொடுப்பது, இவை மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் அடியில் பொடி எழுத்தில் ஏதேதோ போட்டிருந்தது. அதை எந்தப் பரீட்சையிலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதன்மேலும் கோடு. உண்மையைச் சொன்னால், அந்தப் பொடி எழுத்தை நானே படித்ததில்லை.

"சிவப்பு அடிச்சத விட்டுருங்க. மிச்சத்த உங்க நோட்டுல எழுதிக்குங்க. அதுதான் இனி உங்க புக்கு" என்றேன்.

அப்படியே செய்தார்கள். ஆறு பேரும் முறைவைத்து என் புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய், கோடு போடாத வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆயிரம் பக்கப் புத்தகம் நூறு பக்க நோட்டானது.

ஆறு பேரில் மூத்தவர் ஒருவர். எனக்கு அப்போது இருபத்தைந்து, அவருக்கு நாற்பதை நெருங்கும். வார்டில் பன்னிரண்டு வருஷம் உதவியாளாக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைச் சார் என்றார். விரலை வரிக்கடியில் வைத்துத்தான் படிப்பார். ஒரு சொல்லைக்கூடத் தாண்டமாட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சார், இந்தப் பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?" என்று ஒரு ஞாயிறு கேட்டார்.

"பரீட்சையில வராது. விடுங்கண்ணே."

"வராதுதான். ஆனா புக்கு எழுதினவரு சும்மாவா எழுதியிருப்பாரு?"

"நீங்க டிரஸ்ஸர் ஆகணுமா, இல்ல புக்கு எழுதணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு விரலை எடுத்து, கோடு போடாத அடுத்த வரியில் வைத்தார்.

அந்த வருஷம் ஆறு பேரும் தேறினார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருவர்கூடத் தேறவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன்பிறகு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அண்ணனுக்குப் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. மனைவியோடு போனார். போவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு கட்டளை போட்டிருந்தேன். எனக்கு எழுதினால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், நான் திருத்தி அனுப்புவேன். மற்ற ஐந்து பேரும் இரண்டாம் மாதமே அதை மறந்துவிட்டார்கள். அண்ணன் மறக்கவில்லை. மாதம் ஒன்று வந்துவிடும், கோடு போட்ட தாளில், குண்டு குண்டு எழுத்தில். முதலில் திருத்தி அனுப்பினேன். பிறகு சோம்பல் வந்துவிட்டது. மேலே பார்ப்பேன், கீழே பார்ப்பேன், மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவேன்.

மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, அப்படி ஒரு கடிதம் வந்தது. இரண்டு தாளில் நான்கு பக்கம். ஆபீசில் வேலை மும்முரம். மேலே பார்த்தேன். வருகிற திங்கட்கிழமை எஸ்டேட்டில் இருநூறு பேருக்கும் பூச்சி மருந்து கொடுக்கப் போகிறாராம், கொக்கிப்புழுவுக்குப் புதிதாக வந்திருக்கிற கார்பன் டெட்ராகுளோரைடு. கீழே பார்த்தேன். ஞாயிறு மாரியம்மன் திருவிழா, மறுநாள் பால் வெட்டுக்கு எப்படியும் பாதிப்பேர் வரமாட்டார்கள், அதனால்தான் துரை திங்கட்கிழமையைக் கொடுத்தார், இங்கிலீஷில் பிழை இருந்தால் மன்னிக்கவும், இப்படிக்கு. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. நம் ஆள் ஓர் எஸ்டேட்டையே கவனிக்கிறாரே என்று.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதிய வகுப்பு. இந்த வருஷமும் ஆறு பேர். கடிதத்தை எடுத்து ஆட்டிக் காட்டினேன். போன வருஷம் உங்களைப் போல உட்கார்ந்திருந்தவர் நாளைக்கு இருநூறு பேருக்கு மருந்து கொடுக்கிறார், பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன். அந்த மருந்தை இன்றைக்குப் பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்து ஒருவரிடம் கொடுத்தேன். அவர் குளுவாங்கில் பள்ளிக்கூடம் படித்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். உரக்கப் படித்தார். பெயர், நோய், அளவு. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை. கோடு போட்டதையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போனார்.

"அதெல்லாம் வேணாம்னு சொன்னேனே" என்றேன்.

"இல்ல சார், இது முக்கியமா இருக்கு. சாராயம் குடிச்சவங்களுக்கு இந்த மருந்தக் குடுக்கவே கூடாதாம். முன்னாடியும் குடிக்கக் கூடாது, பின்னாடியும் குடிக்கக் கூடாது. குடிச்சா ஈரல் கெட்டுப் போயிருமாம், சாவு வரும்னு போட்டிருக்கு. இத ஏன் சார் அடிச்சீங்க?"

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் அச்செழுத்து தெளிவாகத் தெரிந்தது. எஸ்டேட்டில் திருவிழா என்றால் கள்ளு. ஞாயிறு முழுக்கக் கள்ளு குடித்தவர்களுக்குத் திங்கட்கிழமை விடியற்காலை, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே வரிசையாக நிற்கவைத்து மருந்து. அதைக் கொடுக்கப் போகிறவரின் நோட்டில் இந்த வரிகள் கிடையாது.

"வகுப்பு இன்னைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் வீடு ஆஸ்பத்திரி வளவிலேயே இருந்தது. அவர் தோட்டத்தில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் அந்த டிரஸ்ஸருக்குத் தெரியாது என்று கேட்பார். புத்தகத்தைக் காட்டு என்பார். வேலியோரமாகக் குனிந்து நடந்து ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரம்னா தந்தி குடுங்க, ரயிலுக்கு முன்னாடி போயிரும்" என்றார். தந்தியில் என்ன எழுதுவது? எழுதினால் அடிக்கிற கிளார்க் படிப்பான், வாங்குகிறவன் படிப்பான், துரை படிப்பார். மருந்து நாளைக்குத்தானே, இன்று மாலைக்குள் நேரில் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "வேணாம், நேர்ல போறேன்" என்றேன். எட்டரை மணி ரயில்.

கூலாய் தாண்டும்வரை புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு, அண்ணனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்து, அவர் என்ன எழுதினார் என்று பார்க்கக் கடிதத்தை எடுத்தேன். வேறு வேலையும் இல்லை. முதல் தடவையாக அவரைப்போலவே ஒரு சொல் விடாமல் படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார். இந்த மருந்தின் வாசனைக்கு ஜனங்கள் பயப்படுகிறார்கள். போன தடவை புழுவுக்குக் கொடுத்த எண்ணெய் தலைசுற்றலைக் கொடுத்ததால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். ஆகவே கங்காணி ஒரு வழி சொன்னார். மருந்து குடிக்கிற ஒவ்வொருவருக்கும் கையோடு ஒரு கோப்பை கள்ளு. துரையும் சரியென்றுவிட்டார்.

மூன்றாம் பக்கம். அப்படியும் பயம் போகாது என்பதால், திருவிழாவன்று பகல் பூஜை முடிந்ததும், பன்னிரண்டு மணிக்கு, எல்லோர் முன்னாலும் தான் முதலில் மருந்தைக் குடித்து, மேலே கள்ளையும் குடித்துக் காட்டப்போகிறார்.

அதற்கடியில்: மருந்தோடு கள் சேரலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. என் நோட்டில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு வருகிற டாக்டர் லீவில் போயிருக்கிறார். உங்கள் பெரிய புத்தகத்தைத் தயவுசெய்து பார்க்கவும். கூடாது என்றிருந்தால் தந்தி கொடுக்கவும். ஞாயிறு பகலுக்குள் தந்தி வராவிட்டால் தடையில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ரயில் அப்போது குளுவாங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டது காதில் விழுந்தது. வண்டி நிற்பதற்குள் குதித்தேன். குளுவாங் ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜைமேல் கையை ஊன்றி, "தந்தி, பெக்கோக்குக்கு, உடனே" என்றேன். மருந்து, கள் இரண்டும் கூடாது, குடிக்காதே என்று எழுதி என் பெயரையும் போட்டேன். எவன் வேண்டுமானாலும் படித்துத் தொலையட்டும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடிக்கப் போகிறது. தந்தி பெக்கோக்குக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடும். அங்கிருந்து எஸ்டேட் மூன்று மைல். சைக்கிளில் ஓர் ஆள் போனால் பன்னிரண்டுக்குள் போய்விடலாம். திரும்ப வண்டியில் ஏறி, அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலோவில் வண்டி பத்து நிமிடம் நின்றது. யாரோ வாழைத்தார் ஏற்றினார்கள். அந்த வாழைத்தாரை ஏற்றியவனை அடித்துவிடலாம்போல இருந்தது.

பெக்கோக்கில் இறங்கும்போது மணி பன்னிரண்டேகால். ஸ்டேஷன் மாஸ்டர் பஞ்சாப்காரர். தந்தியைப் பற்றிக் கேட்டேன். மேஜைமேல் கை காட்டினார். உறைக்குள் போட்டு, மேல்விலாசம் எழுதி, அழகாக வைத்திருந்தார். ஸ்டேஷனில் இருப்பது ஒரே ஆளாம். வண்டிக்குக் கொடி காட்டாமல் அவனை எப்படி அனுப்புவது, இதோ இனிமேல் அனுப்புகிறேன் என்றார் மலாயில். என் தந்தியை நானே வாங்கிக்கொண்டு, அவருடைய சைக்கிளையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு மிதித்தேன்.

செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு மைல் இருக்கும்போதே உறுமிச் சத்தம் கேட்டது. கோயிலுக்கு முன்னால் பந்தல். பந்தலுக்குள் ஒரு மேஜை, அதன்மேல் பெரிய பாட்டில், பக்கத்தில் அளவுக் கண்ணாடி. கீழே கள்ளுத் தகரம். மேஜைக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் வரிசைகட்டி நின்றார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. என்னைக் கண்டதும் எழுந்தார், கொஞ்சம் தள்ளாடினார்.

"சாரா? திருவிழாவுக்கா வந்தீங்க?"

"பாட்டில மூடுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "யாருக்காவது குடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல சார். நாளைக்குத்தான்னு சொன்னேன். நான் குடிச்சதப் பாத்துட்டு இன்னைக்கே குடுங்கன்னு நிக்கிறாங்க."

தலைப்பாகை கட்டிய கங்காணி குறுக்கே வந்தார். "யாருய்யா நீங்க? மூடுங்கன்னா? ஜனங்க இப்பத்தான் மனசு வந்து நிக்குது. நாளைக்கு நிப்பாங்களா?"

"தள்ளிப் போங்க" என்று கத்தினேன்.

"கங்காணியாரே, இருங்க. இவருதான் எங்க வாத்தியாரு" என்றார் அண்ணன். குரலில் பெருமை. "இவருகிட்டதான் நான் படிச்சேன்."

புத்தகத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். அவர் விரலை முதல் வரிக்கடியில் வைத்தார். என் சிவப்புக் கோட்டின் மேலேயே விரல் நகர்ந்தது. அன்றைக்கும் அவசரப்படவில்லை. பொடி எழுத்து முடிகிறவரை படித்தார். முடிந்ததும் மறுபடி மேலே போய் இரண்டு வரியை இன்னொரு தரம் படித்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். ஜனங்கள் பக்கம் திரும்பி, "மருந்து இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. பாட்டில்ல கோளாறு. போங்க, சாமி கும்பிடுங்க" என்றார். கங்காணி முணுமுணுத்துக்கொண்டே போனார். கள்ளுக்கு நின்றவர்கள் சலித்துக்கொண்டு கலைந்தார்கள். தங்களுக்கு என்ன தப்பியது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கூட்டம் போனபின் கேட்டேன், "கள்ளு எவ்வளவுண்ணே?"

"மூணு கோப்பை சார். எனக்குப் பழக்கமில்ல. ஒண்ணோட நிறுத்தியிருப்பேன், ஜனங்க விடல. காலையிலேர்ந்து விரதம் வேற, வெறும் வயிறு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "லெட்டர் லேட்டா கெடச்சுதுங்களா? இந்தப் பக்கத்துத் தபால் அப்படித்தான்."

நான் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உப்புத்தண்ணீர் கரைத்துக் குடித்து வாந்தி எடுக்கப் பின்பக்கம் போனார். அவர் மனைவி, கல்யாணத்துக்குப் போகிறவர்போலப் பட்டுச் சேலையில், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்.

அன்று மாலை ரயிலில் இருவரையும் ஜொகூர் பாருவுக்கு அழைத்துவந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். திங்கட்கிழமை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எனக்கு உயிர் வந்தது. சாமிக்கு ஏதோ நேர்ந்துகொண்டேன், என்னவென்று இப்போது நினைவில்லை. செவ்வாய்க்கிழமை கண் மஞ்சளாயிற்று. வியாழக்கிழமை சிறுநீர் நின்றுவிட்டது. நான் ஆபீசுக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"நாலாவது நாள் சார்" என்றார் அன்றைக்கு என்னிடம், மெதுவாக. "புக்குல போட்டிருக்கிற மாதிரியேதான் போகுது. சரியாத்தான் எழுதியிருக்காரு."

டாக்டர் வந்து கட்டிலருகே நின்று விசாரித்தார். நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள. இது உனக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லையா என்று கேட்டார் டாக்டர்.

அண்ணன் தன்னுடைய நிதானமான இங்கிலீஷில் பதில் சொன்னார். கற்றுக்கொடுத்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன் என்றார்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில்தான் அந்த வாக்கியம் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறியது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை பகலில் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்தார். எஸ்டேட்டில் வீட்டைக் காலி செய்துவிட்டு, நாகப்பட்டினத்துக் கப்பல் ஏறப் போகிறவர். நான் எழுந்து நின்றேன். சொல்லிவிடுவது என்று அந்த ஒரு வாரமாக மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். "அண்ணி, அந்தப் புக்குல கோடு போட்டது நான்தான். அண்ணன் மறக்கல. நான்தான் படிக்க விடல" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியும் தம்பி" என்றார். "அவரே சொன்னாரு. வெளிய சொல்லாதேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உங்க வேல போயிருச்சுன்னா மத்தவங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்கன்னாரு. இருநூறு பேரு பொழைச்சது உங்களாலதான்னு அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோலக்கூட இருந்தது.

அவர் போகவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அந்த லெட்டர மூணு நாள் உக்காந்து எழுதினாரு தம்பி. எழுதுறது, கிழிக்கிறது, எழுதுறது. போட்டதுலேருந்து தந்தி வந்துச்சா, தந்தி வந்துச்சான்னு ஆள விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. சனிக்கெழம ரெண்டு தரம். ஞாயித்துக்கெழம பூசையில நிக்கிறப்பவும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வரல. அப்ப சார் பாத்திருப்பாரு, தப்பில்லன்னு சொல்லிட்டுத்தான் கிளாசக் கையில எடுத்தாரு." என் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கு ஞாயித்துக்கெழமதானே அது கெடச்சுது? கெடச்ச உடனே ரயிலப் புடிச்சு ஓடியாந்தீங்க. அப்படித்தானே தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

"ஆமா அண்ணி" என்றேன்.